கொடைக்கானல் மேல்மலையில் நிலம் வாங்கப் போகிறீர்களா? தையிலும் பங்குனியிலும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன சமவெளி நிலத்தை விற்றுவிட்டு, மலையில் ஒரு ஏக்கர் வாங்கிப் பூண்டும் கேரட்டும் போடலாமா என்று கேட்கும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். கேட்பது தவறில்லை. ஆனால் பெரும்பாலானோர் நிலம் பார்க்கப் போவது சித்திரை, வைகாசி மாதங்களில். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே போனால் எந்த நிலமும் சொர்க்கமாகத்தான் தெரியும். கோடை மழையும் இரண்டு பெய்திருந்தால் ஓடையில் தண்ணீர் ஓடும், காடு பச்சையாக இருக்கும். தரகருக்கும் அதுதான் நல்ல காலம். அதே நிலத்தை தை மாதம் விடியற்காலையில் பார்த்தவர்களும், பங்குனிக் கடைசியில் பார்த்தவர்களும் வேறு விலை சொல்வார்கள்.

கொடைக்கானல் நகரிலிருந்து பூம்பாறை ஏறத்தாழ 20 கி.மீ. மன்னவனூர் ஏறத்தாழ 35 கி.மீ. அதற்கும் அப்பால் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று சாலை முடிகிற இடம் வரை ஊர்கள் இருக்கின்றன. இதைத்தான் மேல்மலை என்கிறோம். பூண்டு, உருளை, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் விளையும் படிக்கட்டு நிலங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் உள்ள கீழ்மலை காபி, மிளகு, மலைவாழைக்கு உரியது. அங்கே கணக்கே வேறு. இங்கே நாம் பேசுவது குளிர் மலையைப் பற்றி.

உறைபனி எங்கே இறங்குகிறது?

மார்கழி, தை மாதங்களில் மேகம் இல்லாத, காற்று அசையாத இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே ஊரில், ஒரே சரிவில், மேல் படிக்கட்டில் இருக்கும் பீன்ஸ் தப்பிக்கும், ஓடைக்கரைப் படிக்கட்டில் இருப்பது கருகிப்போகும். பள்ளத்தாக்கின் அடியில் உள்ள மட்டமான நிலம் பார்க்க அழகாக இருக்கும், உழ வசதி, தண்ணீரும் பக்கம். சமவெளிக்காரர் கண்ணுக்கு அதுதான் முதலில் பிடிக்கும். உறைபனி முதலில் இறங்குவதும் அங்கேதான்.

உருளையும் பீன்ஸும் உறைபனியைத் தாங்காது. பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும். ஆகவே பள்ள நிலம் என்றாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே மார்கழி, தையில் என்ன பயிர் நிற்க முடியாது என்பது தெரிந்து, அதற்கேற்ற விலைக்கு வாங்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். தை மாதம் ஊரில் இரண்டு இரவு தங்கி, சூரியன் ஏறுவதற்கு முன் நிலத்தில் போய் நில்லுங்கள். புல்லில் வெள்ளை படிந்திருக்கிறதா, எந்தப் படிக்கட்டு வரை படிந்திருக்கிறது என்று பாருங்கள். காலையில் போக முடியாதவர்கள் பகலில் புல்லைப் பாருங்கள். பனி தொடர்ந்து இறங்கும் இடத்தில் புல் செம்பழுப்பாகக் கருகியிருக்கும். குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்து வைக்கும் வெப்பமானி பெரிய விலை இல்லை. இரண்டு வாங்கி, மேல் படிக்கட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று ஒரு வாரம் கட்டித் தொங்கவிட்டால் போதும். பக்கத்து நிலத்துக்காரரிடம் "பனி விழுமா?" என்று கேட்காதீர்கள், விழும் என்றுதான் சொல்வார். "தையில் இந்தக் காட்டில் போன மூன்று வருஷமும் என்ன நின்றது?" என்று கேளுங்கள். ஒன்றும் நிற்கவில்லை என்றால் காரணம் புரிந்துவிடும்.

தண்ணீரை வாளியால் அளக்கலாம்

மேல்மலையில் தண்ணீர் என்பது பெரும்பாலும் ஊற்றும் ஓடையும். சமவெளியைப் போல நிலத்தை வாங்கிவிட்டு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரத்தைக்கூட நிலத்தில் இறக்க முடியாது. "வாங்கிய பிறகு மட்டம் பண்ணிக்கலாம், குளம் வெட்டிக்கலாம்" என்று தரகர் சொன்னால், அந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.

பங்குனியில் ஊற்று எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. 15 லிட்டர் வாளியைக் குழாய் வாயில் வைத்து நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். காய்கறிக்கு ஒரு நாளைக்கு 4 மி.மீ. தண்ணீர் தேவை என்று வைத்துக்கொண்டால் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 16,000 லிட்டர் வேண்டும். இரவுத் தண்ணீரைத் தேக்கி வைக்கத் தொட்டி இருந்து, சேதாரம் இல்லாமல் பாய்ச்சினால், அந்த ஊற்று இரண்டரை ஏக்கருக்குத்தான் சரியாக வரும். அதுவும் ஊற்று முழுக்க உங்களுடையதாக இருந்தால்.

பெரும்பாலும் அப்படி இருக்காது. நான்கு பேர், ஐந்து பேர் முறை வைத்து எடுப்பார்கள். முறை என்பது ஊர்ப் பேச்சாக இருக்குமே தவிரப் பத்திரத்தில் இருக்காது. விற்கிறவர் ஊர்க்காரர், அவருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் புதிதாக வருகிறவருக்கு விட்டுக்கொடுப்பார்களா என்பதை நீங்களே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊற்று எந்தப் புல எண்ணில் கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் கிளம்பி குழாய் வழியாக வருகிறது என்றால், அந்தக் குழாய்க்கு வனத்துறை ஆட்சேபம் சொல்லாதவரைதான் உங்களுக்குத் தண்ணீர்.

ஊற்றுக்கு மேலே என்ன மரம் இருக்கிறது என்றும் அண்ணாந்து பாருங்கள். நீலகிரியில் கிளன்மார்கன் பகுதியில், உதகையில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், புல்வெளியாக விட்ட பகுதியைவிடத் தைலமரம் நட்ட பகுதியில் ஓடைக்கு வரும் தண்ணீர் குறைந்தது. மேலே சோலைக்காடும் புல்லும் இருப்பதும், தைலமரமும் சீகையும் இருப்பதும் ஒன்றல்ல.

சரிவில் ஒரு ஏக்கர் என்பது எவ்வளவு?

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0.40.50 என்று இருந்தால் ஒரு ஏக்கர். ஆனால் படிக்கட்டு நிலத்தில் ஒவ்வொரு படியின் சுவரும் வரப்பும் இடத்தைத் தின்றுவிடும். சரிவு கூடக்கூடப் படி குறுகும், சுவர் உயரும். ஒரு ஏக்கர் பட்டாவுக்குப் பயிர் நிற்கும் இடம் எத்தனை செண்ட் என்று படிகளை அளந்து பாருங்கள். விலை பேச வேண்டியது அந்த செண்டுக்கு.

சரிவை அளக்க, 10 அடிக் கயிற்றின் மேல் நுனியைத் தரையில் வைத்து, கயிற்றை மட்டமாகப் பிடித்து, மறுநுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். மூன்றேகால் அடியைத் தாண்டினால் சரிவு 33 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. அது காய்கறிக்கு ஆகிற நிலம் இல்லை, மரப்பயிருக்குத்தான் ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை போக முடிந்தால் மிக நல்லது. சாலை எங்கே அடைபடுகிறது, படிக்கட்டுச் சுவர் எங்கே சரிகிறது, நிலத்தின் அடியில் எங்கே சேறும் கசிவும் கிளம்புகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது, தரையில் பிறை வடிவ வெடிப்பு இருப்பது, மேலே புதிதாகச் சாலைக்கு மலையை வெட்டியிருப்பது ஆகியவை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மலையில் மழை இப்படியும் பெய்யும் என்று வைத்துத்தான் நிலம் பார்க்க வேண்டும்.

காகிதம்: இங்கேதான் பணம் போகிறது

தரகர் காட்டும் காகிதத்தில் அரசு முத்திரை இருப்பதாலேயே அது பட்டா ஆகிவிடாது. மலைப் பகுதியில் மூன்று காகிதங்களைக் கண்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

முதலாவது 'பி மெமோ'. புறம்போக்கை ஆக்கிரமித்துச் சாகுபடி செய்கிறவருக்கு அரசு விதிக்கும் தண்டத்துக்கான அறிவிப்பு அது. முப்பது வருஷம் தண்டம் கட்டிய ரசீது இருந்தாலும் அது அவர் ஆக்கிரமிப்பாளர் என்பதற்கான ஆதாரம்தான். இரண்டாவது '2சி பட்டா'. அரசு நிலத்தில் உள்ள மரத்தின் பலனை எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே அதில் உண்டு, நிலம் அரசுடையது. மூன்றாவது, நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலத்தின் பட்டா. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, பஞ்சமி நிலமானால் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கவே கூடாது என்று அதில் இருக்கும். மீறி வாங்கினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி மக்களுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரமும் அப்படியே. அது வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. மேல்மலையில் பளியர் குடியிருப்புகளை ஒட்டி நிலம் குறைந்த விலைக்கு வருகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அவர்கள் நிலத்தைக் குறுக்கு வழியில் எழுதி வாங்குவது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் நான்கையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து நீங்களே எடுக்கலாம். தரகர் தரும் நகலை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பார்த்தால் நிலத்தில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் இருந்தது என்பதும் தெரியும். "வருஷம் மூன்று வெள்ளாமை" என்று விற்கிறவர் சொன்னதையும் அதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றிதழ் 30 வருஷத்துக்குக் குறையாமல் போடுங்கள். மூலப்பத்திரத்தை அசலில் கேளுங்கள். வட்டிக்காரரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் வராது, அசல் இல்லை என்பதில்தான் தெரியும்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் பெயர் உள்ள அத்தனை பேரும், இறந்தவர்களின் வாரிசுகளும், கட்டிக்கொடுத்த பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும். "தங்கச்சி கேக்க மாட்டாங்க" என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். பத்து வருஷம் கழித்து தங்கச்சி மகன் கேட்பார்.

மலைக்கே உரிய சட்டங்கள் இன்னும் சில உண்டு. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949இன் கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன் 4ஆம் பிரிவில் காப்புக்காடாக ஆக்க உத்தேசித்து அறிவித்த நிலத்துக்கும் பக்கத்தில் போக வேண்டாம். நிலம் இந்த இரண்டிலும் இல்லை என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆகவே "மரத்தை வெட்டி விற்றாலே பாதிப் பணம் வந்துவிடும்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில், அதாவது ஹாகா பட்டியலில், உள்ள கிராமங்களில் நிலப் பயன்பாட்டை மாற்றவும் தடையில்லாச் சான்று தேவை. தோட்டத்தோடு தங்கும் விடுதியும் கட்டலாம் என்று கனவு காண்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேல்மலையை விட்டு நீலகிரியில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்மம் நிலம், பிரிவு 17 நிலம் என்ற பேச்சு காதில் விழுந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்திலிருந்து தொடரும் வழக்கு அது. சீகூர் பகுதியில் யானை வழித்தடம் இருக்கிறது. அதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்துவிட்டது.

மண், மாடு, பாதை

மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண். மண் மாதிரி எடுத்து கார அமில நிலை பார்த்தால் சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும் என்று தெரியும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கலாம். உருளை போட நினைப்பவர்கள் முட்டைக்கூடு நூற்புழு இருக்கிறதா என்றும் பரிசோதிக்க வேண்டும். 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புழு கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. உருளை இல்லாவிட்டாலும் அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். கொடைக்கானலில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

காட்டுமாடு, பன்றி, கடமான் மூன்றும் காட்டோரத்தில் வரும். பக்கத்துக் காட்டில் வேலி எவ்வளவு உயரம், இரவுக் காவலுக்குக் குடிசை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே நிலைமை புரியும். காட்டை ஒட்டிய நிலத்தில் சூரிய மின்வேலி போட வனத்துறை அனுமதி தேவை. நேரடி மின்சாரம் கொடுப்பது குற்றம், மனிதரே செத்திருக்கிறார்கள்.

புலப்படத்தில் உங்கள் நிலம் வரை பாதை இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றைக்கு நடக்கிற பாதை யாருடைய பட்டாவில் போகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வண்டி போகாத நிலத்திலிருந்து மூட்டையைக் குதிரை வைத்துத்தான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூலி, பிறகு லாரி வாடகை, பிறகு மண்டியில் கமிஷன். மேல்மலைப் பூண்டு பெரும்பாலும் தேனி மாவட்டம் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது, காய்கறி ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, மதுரைக்கு இறங்குகிறது. ஒரு மூட்டைக்கு நிலத்திலிருந்து சந்தை வரை என்ன செலவு என்று அங்கே விளைவிக்கிற இரண்டு பேரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டுதான். ஆனால் அங்கே நிலம் வாங்கியதாலேயே அந்தப் பெயரில் விற்கும் உரிமை தானாக வராது, பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும்.

கூலிக்கு ஆள், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் பள்ளி என்பதெல்லாம் அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது. கீழே இருந்து ஆள் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். மார்கழிக் குளிரில் அவர்கள் ஒரு வாரம் தங்கினால் ஆச்சரியம்.

என் யோசனை, முதல் வருஷம் வாங்கவே வேண்டாம். அதே ஊரில் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து ஒரு பூண்டு, ஒரு கேரட் எடுத்துப் பாருங்கள். பூண்டு வயலில் நாலைந்து மாதம் நிற்கும். அதற்குள் பனி, தண்ணீர் முறை, குதிரைக் கூலி, மண்டிக்காரர், பக்கத்துக் காட்டுக்காரர் எல்லாம் தெரிந்துவிடும். உங்களையும் ஊர் தெரிந்துகொள்ளும், பிறகு விலை பேசும்போது அது உதவும். குத்தகைப் பணம் வீண் என்று நினைப்பவர்கள் பதிவுச் செலவை யோசிக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். பிடிக்கவில்லை என்று திரும்ப விற்றால் அந்தப் பணம் வராது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

வாங்குவது என்று முடிவானால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். நில அளவர் வந்து அளந்து கல் ஊன்றிய பிறகு, அளவில் வந்த செண்டுக்கே விலை என்று அதில் எழுதுங்கள். காட்டோர நிலமானால் அளக்கும்போது வனத்துறை ஆளும் இருக்கட்டும், எல்லைக் கல் யாருடையது என்ற சண்டை பிறகு வராது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாதை எந்தப் புல எண் வழியாக, எத்தனை அடி அகலம், ஊற்றில் வாரத்துக்கு எத்தனை மணி நேர முறை, குழாய் யார் நிலத்தில் வருகிறது என்பதையெல்லாம் சேர்க்கச் சொல்லுங்கள். பாதையும் குழாயும் வேறொருவர் நிலத்தில் வந்தால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுப் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து, உங்கள் பெயரில் பட்டாவும் உங்கள் பங்கு தனியாகக் காட்டிய புலப்படமும் வரும்வரை விடாமல் கேளுங்கள்.